ஊருக்கு வந்து சாவியைத் திருப்பினா 'டக் டக்'... ஆண்ட்ராய்டு பிளேயர், டேஷ்கேம் மாட்டிய காருக்கு எந்த பேட்டரி வாங்கணும்?

கீழக்கரையில் பல வீட்டு வாசலில் கவர் போட்டு நிற்கும் கார்களுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. ஓனர் ஊரில் இருக்க மாட்டார். துபாய், தம்மாம், கோலாலம்பூர் என எங்கேயாவது இருப்பார். சபுராளி லீவில் வந்து இறங்கி, ஆசையாகச் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வரும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு காக்கா, மாத்திடலாம்" என்பார். மாற்றுவார்கள். அடுத்த லீவுக்கு வரும்போதும் அதே 'டக் டக்'.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் எடுக்கும் முடிவு இரண்டுதான். ஒன்று, "இந்த கம்பெனி சரியில்லை" என்று பிராண்டை மாற்றுவது. இன்னொன்று, "இருக்கிறதிலேயே பெருசா ஒண்ணு போடுங்க" என்பது. ஆண்ட்ராய்டு பிளேயர், டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், சப் வூஃபர் என்று வரிசையாக மாட்டப்பட்ட காரில் இந்த இரண்டுமே பெரும்பாலும் பணத்துக்குப் பிடித்த கேடு. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாமே என்று கேட்கலாம். கியர் மாற்றும் பழைய கார் என்றால் நாலு பேர் சேர்ந்து தள்ளலாம். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பட்டன் ஸ்டார்ட் காரில் பேட்டரி முழுசாக இறங்கிவிட்டால் ரிமோட்டில் கதவுகூடத் திறக்காது. ராத்திரி ரெண்டு மணிக்கு உம்மாவுக்கு நெஞ்சு வலி, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடணும் என்கிற நேரத்தில்தான் இது உறைக்கும்.

நிற்கிற கார் கரண்ட் குடிக்குமா?

குடிக்கும். சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம், ரிமோட் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். கம்பெனியில் இருந்து வந்த நிலையில், எதையும் கூடுதலாக மாட்டாத காரில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம்.

கேட்க ரொம்பச் சின்ன அளவாகத் தெரியும். கணக்குப் போடுங்கள். 50 மில்லி ஆம்பியர் 24 மணி நேரம் ஓடினால் 1.2 ஆம்பியர் ஹவர். முப்பது நாளில் 36 ஆம்பியர் ஹவர். நம்ம ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. அதாவது ஒரே மாதத்தில் மொத்தமும் காலி. உண்மையில் முழுசாகக் காலியாகும் வரைகூடப் போகாது. பாதி இறங்கினாலே ஸ்டார்ட் ஆகத் திணறும். அப்படியென்றால் பதினைந்து நாள்.

அந்த 50 மில்லி ஆம்பியரைப் பாதிக்கும் கீழே, 20 ஆக வைத்துக்கொண்டாலும் ஆறு மாதத்துக்கு 86 ஆம்பியர் ஹவர் வருகிறது. ஆக, எந்த எக்ஸ்ட்ரா சாமானும் இல்லாத கார்கூட ஆறு மாதம் அப்படியே நின்றால் தாக்குப்பிடிக்காது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கி, மாதக்கணக்கில் கார்கள் நின்றபோது நாடு முழுக்கப் பலர் பேட்டரி மாற்ற வேண்டி வந்ததும் இதனால்தான். மற்றவர்களுக்கு அது ஒரு தடவை நடந்தது. சபுராளி வீட்டுக் காருக்கு வருஷா வருஷம் ஊரடங்கு.

இப்போது பெரிய பேட்டரி கதைக்கு வருவோம். 35-க்குப் பதிலாக 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி போட்டால் கூடுதலாகக் கிடைப்பது 10 ஆம்பியர் ஹவர். தினம் 1.2 இறங்கும் காரில் அது எட்டு நாளுக்கு வரும். பதினொரு மாதம் வெளிநாட்டில் இருப்பவருக்கு எட்டு நாள் எந்த மூலைக்கு?

இறங்கிய பேட்டரியைத் திரும்ப சார்ஜ் ஏற்றினால் சரியாகிவிடாதா என்றால், பாதிதான் ஆகும். லெட் ஆசிட் பேட்டரி இறங்கும்போது அதன் தகடுகளில் லெட் சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறங்கிய நிலையிலேயே விட்டால் அந்தப் படிவு கெட்டியாகி, திரும்பக் கரையாது. வெயில் கூடக் கூட இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். 'போன மாசம்தான் சார்ஜ் போட்டேன், மறுபடி படுத்திருச்சு' என்று சொல்வதன் பின்னணி இதுதான்.

அதிகமா குடிக்கிறது யாரு?

முதல் ஆள், டேஷ்கேம். பார்க்கிங் மோடில் போட்டால், கார் நிற்கும்போதும் அது கண்காணித்துக்கொண்டே இருக்கும். மாடலைப் பொறுத்து 200 மில்லி ஆம்பியருக்கு மேலும் எடுக்கும். 250 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் ஹவர். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்றே நாளில் பாதிக்கு வந்துவிடும். டேஷ்கேமை நேரடியாக வயர் செய்யும்போது, பேட்டரி 12.2 அல்லது 12.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் தானாகத் துண்டிக்கும் கிட் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. அதில்லாமல் பார்க்கிங் மோட் வைக்கவே கூடாது. நீண்ட நாள் கார் நிற்கப்போகிறது என்றால் கிட் இருந்தாலும் டேஷ்கேமைக் கழற்றிவிடுவதே நல்லது.

அடுத்தது ஆண்ட்ராய்டு பிளேயர். சரியாக மாட்டினால் இது பெரிய பிரச்னையே இல்லை. அதன் பின்னால் இரண்டு முக்கியமான வயர்கள் இருக்கும். மஞ்சள் வயர், எப்போதும் கரண்ட் இருக்கும் லைனுக்குப் போகணும். சிவப்பு வயர், சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்குப் போகணும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சிலர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி ஒரே லைனில் கொடுத்துவிடுவார்கள். ஸ்கிரீன் கறுப்பாக இருக்கும், ஆனால் உள்ளே பிளேயர் தூங்கவே தூங்காது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பிளேயர் என்றால், இங்கே மாட்டுபவரிடம் இந்த மஞ்சள், சிவப்பு விஷயத்தை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் நீல ரிமோட் வயருக்கும் இதே சங்கதிதான். அது எப்போதும் உயிரோடு இருந்தால் ஆம்ப்ளிஃபையரும் விழித்தே இருக்கும்.

மூன்றாவது, ஸ்டியரிங் கீழே உள்ள சாக்கெட்டில் செருகும் டிராக்கர், டயக்னாஸ்டிக் டாங்கிள் வகையறா. அந்த சாக்கெட்டில் சாவி எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வாடகை வண்டிகளில் விதிப்படி மாட்டும் இருப்பிடம் காட்டும் கருவியும் எமர்ஜென்சி பட்டனும் இந்தக் கணக்கில் சேரும். அதைக் கழற்ற முடியாது. ஆனால் அந்த வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் பெரிதாகப் பாதிக்காது.

சைடில் ஒரு விஷயம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் பேட்டரியைக் குடிக்கும் என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. அதற்கும் காருக்கும் வயர் தொடர்பே கிடையாது. அதற்குள் பேட்டரியும் கிடையாது. டோல்கேட் ரீடர் அனுப்பும் அலையில்தான் அது வேலை செய்கிறது.

'வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுறோமே?'

மச்சானையோ பக்கத்து வீட்டுப் பையனையோ விட்டு வாரம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஓடவிடச் சொல்வது நம்ம ஊரில் வழக்கம். இதையும் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் இறங்கும் காரில் ஒரு வாரத்தில் போவது 8.4 ஆம்பியர் ஹவர். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடினால் பேட்டரிக்குள் திரும்பப் போவது ஏறக்குறைய 1 ஆம்பியர் ஹவர்தான். ஏழு ரூபாய் கடன் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும். அதிலும் அந்தப் பையன் ஏசியைப் போட்டு, பாட்டையும் போட்டு உட்கார்ந்தால் அந்த ஒன்றும் மிஞ்சாது.

ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போய் ஓட்டணும். ராமநாதபுரம் போய்த் திரும்புகிற மாதிரி, குறைந்தது ஒரு மணி நேரம். இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் ஆல்டர்னேட்டர் நன்றாக உற்பத்தி செய்யும். டயருக்கும் பிரேக்குக்கும்கூட அதுதான் நல்லது.

வாங்கும் முன் அளந்து பாருங்க

ஆக, புது பேட்டரி வாங்குவதற்கு முன்பு தெரிய வேண்டியது ஒரே ஓர் எண். உங்கள் கார் தூங்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கிறது? ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், ஆட்டோ எலக்ட்ரீஷியன் எல்லோரிடமும் இருக்கும். பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைக்கணும். கதவுகளைச் சாத்தி, சாவியை எடுத்து, காரை லாக் செய்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கணும். இந்தக் காத்திருப்பு முக்கியம். இப்போதைய கார்களில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத்தான் தூங்கப் போகும். இரண்டாவது நிமிடத்திலேயே பார்த்தால் ஆம்பியர் கணக்கில் காட்டும், பயந்துவிடுவீர்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் போய்விடும்.

அரை மணி நேரத்துக்குப் பிறகும் 50-க்கு மேல் காட்டினால், பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கணும். எதை எடுத்ததும் எண் சடாரென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருடன். இதைச் செய்யாமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு குழாயை மாற்றுவது மாதிரி.

பெரிய பேட்டரி போட்டா பாட்டு நல்லா அடிக்குமா?

கார் ஓடும்போது லைட், ஏசி, பாட்டு எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பது பேட்டரி இல்லை, ஆல்டர்னேட்டர். பேட்டரியின் முக்கிய வேலை ஸ்டார்ட் செய்வது. பிறகு அவ்வப்போது ஏற்படும் பற்றாக்குறையைச் சமாளிப்பது. ஒரு ஆம்ப்ளிஃபையர் 300 வாட் இழுக்கிறது என்றால், 12 வோல்ட்டில் அது 25 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் சொச்சம். ஏசி ஃபேன், ரேடியேட்டர் ஃபேன் தனி. ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனையும் தராது, பல கார்களில் பாதிகூடத் தராது. நெரிசலில் நின்று நின்று போகும்போது வரவை விடச் செலவு அதிகமாகி, மீதியைப் பேட்டரி கொடுக்க வேண்டி வரும். பேட்டரி பெரிதாக இருந்தால் இந்தப் பற்றாக்குறையைக் கொஞ்சம் அதிக நேரம் தாங்கும், அவ்வளவுதான். வரவு கூடாது.

அரியமான் கடற்கரையில் காரை நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு டிக்கியைத் திறந்து பாட்டுப் போடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. சராசரியாக 10 ஆம்பியர் என்றாலும் இரண்டு மணி நேரத்தில் 20 ஆம்பியர் ஹவர் போய்விடும். சின்ன பேட்டரியில் பாதிக்கு மேல்! திரும்பி வருவதற்கு யாரிடமாவது ஜம்ப் கேபிள் கேட்டுக் கையேந்த வேண்டியதுதான்.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி ரொம்ப நேரம் தாங்குதே, அதையே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது தடித்த தகடுகள் கொண்டது. மெதுவாக, நிறைய நேரம் கொடுக்கத் தெரியும். கார் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டத் தெரியும். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுத்தால் இரண்டும் கெடும். உண்மையிலேயே பெரிய ஸ்பீக்கர் செட் வைத்த வேன் என்றால், பாட்டுக்குத் தனியாக இரண்டாவது பேட்டரி, நடுவில் ஐசொலேட்டர் என்று பிரித்து வைப்பதுதான் முறையான வழி. அப்போது பாட்டு பேட்டரி செத்தாலும் ஸ்டார்ட்டிங் பேட்டரி பிழைத்துக்கொள்ளும்.

பேட்டரியிலிருந்து நேரடியாக எந்த லைன் எடுத்தாலும், பேட்டரியிலிருந்து ஓர் அடி தூரத்துக்குள் பியூஸ் இருக்கணும். வயர் எங்கேயாவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது அந்த ஒரு பியூஸ்தான். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

பெட்டியில இருக்கிற நம்பர் என்ன சொல்லுது?

சிறிய கார் பேட்டரிகளில் '38பி20எல்' மாதிரி ஒரு குறியீடு இருக்கும், பெட்டியில் ஆங்கில எழுத்தில். இதில் 38 என்பதை ஆம்பியர் ஹவர் என்று நினைப்பவர்கள் அதிகம். அது திறனைக் குறிக்கும் ஒரு தரவரிசை எண் மட்டுமே, இந்த பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர் ஹவர். 'பி' என்பது அகல, உயர அளவு. 20 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசியில் வரும் 'எல்' அல்லது 'ஆர்', பிளஸ் டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். இது மாறினால் கேபிள் எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்டினால் வயர் எங்கேயாவது உரசும்.

20-க்குப் பதில் 24 வாங்கினால் பேட்டரி நாலு சென்டிமீட்டர் நீளம். காரில் உள்ள தட்டில் உட்காருமா, மேலே இறுக்கும் கிளாம்ப் பிடிக்குமா என்று பாருங்கள். பிடிக்காமல் ஆடினால் உள்ளே தகடுகள் உதிரும். உயரம் கூடினால் பானட்டை மூடும்போது டெர்மினல் தகரத்தில் படும் ஆபத்தும் உண்டு. கார் மேனுவலில் சொன்ன அளவு, அல்லது அதே தட்டில், அதே கிளாம்ப்பில் சரியாக உட்காரும் ஒரு படி மேல். அதைத் தாண்ட வேண்டாம்.

சிசிஏ என்று ஓர் எண்ணும் இருக்கும். மைனஸ் 18 டிகிரி குளிரில் பேட்டரி எவ்வளவு ஆம்பியர் தரும் என்பதற்கான அளவு அது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் மைனஸ் 18-க்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆகவே சிசிஏ அதிகம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் யோசியுங்கள். ஆனால் பேட்டரியை டெஸ்டரில் வைத்துப் பார்க்கும்போது, பெட்டியில் போட்டிருக்கும் சிசிஏ-வுக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்பது அதன் ஆரோக்கியத்தைக் காட்டும். அதுக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சிக்னலில் தானா ஆஃப் ஆகிற காரா?

அப்படியென்றால் விஷயமே வேறு. சிக்னலில் இன்ஜின் தானாக நின்று, கிளட்சை மிதித்ததும் ஓடும் கார்களில் சாதாரண பேட்டரி போடக் கூடாது. அதற்கென்றே இஎஃப்பி, ஏஜிஎம் என்று இரண்டு வகை இருக்கிறது. இவற்றின் ஜப்பானிய குறியீடு எண்ணில் தொடங்காமல் எம்-42, என்-55, கியூ-85 என எழுத்தில் தொடங்கும். பழைய பேட்டரியில் இப்படி இருந்தால் அதே வகைதான் வாங்கணும். விலை கூடுதல்தான். மலிவாகச் சாதாரண பேட்டரி போட்டால், அடிக்கடி ஸ்டார்ட் ஆகும் சுமையில் சீக்கிரமே படுத்துவிடும்.

'ஏஜிஎம்தான் உசத்தி, அதையே போடுங்க' என்று சாதாரண காருக்கும் சிலர் கேட்கிறார்கள். ஏஜிஎம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. வெளிநாட்டுச் சொகுசு கார்கள் பலவற்றில் அது டிக்கியில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம்ம ஊர் வெயிலில், கொதிக்கிற இன்ஜின் பக்கத்தில் வைப்பதற்கு நல்ல இஎஃப்பி போதும். மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் கார் சிலவற்றில் வழக்கமான பேட்டரியோடு ஒரு சிறிய லித்தியம் பேட்டரியும் இருக்கிறது. அந்த இரண்டாவதில் வெளியே யாரும் கை வைக்க விடாதீர்கள்.

புது கார்களில் மைனஸ் டெர்மினல் மேலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குள் போகிற, வெளியே வருகிற ஒவ்வொரு ஆம்பியரையும் எண்ணுவது அதன் வேலை. கூடுதல் சாமான்களின் எர்த் வயரை நேராக பேட்டரி மைனஸில் கொடுத்தால் அந்தக் கரண்ட் சென்சாரைத் தாண்டாமலே போய்விடும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கார் தப்பாக நினைத்துக்கொள்ளும். எர்த் எப்போதும் பாடியில்தான் கொடுக்கணும். சில சொகுசு கார்களில் பேட்டரியை மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் வேண்டும். அந்த ஸ்கேனர் கடைக்காரரிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

உப்புக்காத்துக்கும் இதுல பங்கு இருக்கு

உலகில் இரும்பு அதிகம் அரிக்கும் கடலோரங்களில் ஒன்று என்று பாம்பனைச் சொல்வார்கள். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகு கம்பியும் சிறப்புப் பெயின்ட்டும் பயன்படுத்தியது அதனால்தான். பேட்டரி, அரிப்பு இரண்டையுமே ஆராயும் 'சிக்ரி', அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருப்பதும் நம்ம பக்கம்தான், காரைக்குடியில். 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. கடல் காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று சோதிக்க மண்டபத்திலும் அதற்கு ஒரு மையம் உண்டு.

பாலத்தையே அரிக்கும் காற்று, வாசலில் நிற்கும் காரின் எர்த் போல்ட்டை விட்டுவைக்குமா? பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடி எல்லோர் கண்ணிலும் படும். பாடியில் எர்த் வயர் சேரும் போல்ட் துருப்பிடித்திருப்பது கண்ணில் படாது. அங்கே இணைப்பு சரியில்லை என்றால் பிளேயர் தானாக ரீஸ்டார்ட் ஆகும், லைட் மங்கும், ஸ்டார்ட்டிங்கில் திணறும். பழி மட்டும் பேட்டரி மேல் விழும். நல்ல பேட்டரியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு மாட்டியும் பிரச்னை தீராமல் நிற்பார்கள்.

பேட்டரியின் மேல்மூடியில் உப்பும் தூசியும் ஈரமும் சேர்ந்த படலம் இருந்தால், பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு அது வழியாகவே சிறிது கரண்ட் கசியும். டெர்மினலைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவிவிட்டால் வேலை முடிந்தது. சோடா தண்ணீர் பேட்டரி மூடிக்குள் மட்டும் போய்விடக் கூடாது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், கீழக்கரை போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

கடையில கேட்க வேண்டியது

தயாரிப்புத் தேதியை முதலில் பாருங்கள். பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. விற்பனை குறைவான கடைகளில் ஆறேழு மாதப் பழைய சரக்கு நிற்க வாய்ப்பு உண்டு. மூன்று மாதத்துக்குள் தயாரித்தது நல்லது. காரில் மாட்டுவதற்கு முன்பே மீட்டர் வைத்து வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே இருந்தால் வேறு ஒன்று கேளுங்கள். மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை வரணும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் ஏற்றவில்லை என்று அர்த்தம், புது பேட்டரியும் பிழைக்காது.

வாரண்டியில் '36 மாதம்', '60 மாதம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதில் முதல் பகுதிதான் இலவச மாற்று. மீதிக் காலத்துக்கு, பயன்படுத்திய மாதத்துக்கு ஏற்ப விலையில் கழிவுதான் தருவார்கள். எத்தனை மாதம் இலவசம் என்று அதை மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள். வாரண்டி நாள் ஓட ஆரம்பிப்பது பில் போட்ட தேதியிலிருந்து. கார் ஓடினாலும் கவருக்குள் நின்றாலும் ஒன்றுதான். முக்கியமாக, சார்ஜ் இறங்கிப்போனது தயாரிப்புக் குறை ஆகாது. சார்ஜ் ஏற்றிப் பார்த்து 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாடகை வண்டிக்கு வாரண்டி காலம் குறைவாக இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் பேட்டரிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அடிப்படை விலை 4,000 ரூபாய் என்றால் முன்பு 5,120 ரூபாய், இப்போது 4,720 ரூபாய். பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அமரானா, எக்சைடா? அந்தக் கேள்வியை இவ்வளவு தூரம் தொடாமல் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சரியான அளவு, சரியான வகை, புதிய தயாரிப்பு, பக்கத்திலேயே சர்வீஸ். இந்த நாலும் பொருந்தினால் இரண்டில் எதுவும் ஓடும். 100 மில்லி ஆம்பியர் குடிக்கிற காரில் இரண்டுமே சாகும்.

திரும்ப சபுர் போகும்போது?

இருப்பதிலேயே செலவில்லாத வழி, மைனஸ் டெர்மினலைக் கழற்றி, துணி சுற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போவது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. பேட்டரி கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது, ஆகவே கதவைச் சாவியால் பூட்டித் திறக்க முடிகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் ரிமோட்டுக்குள்ளேயே சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும். திரும்ப மாட்டியதும் கடிகாரம், கண்ணாடியின் ஆட்டோ வசதி எல்லாம் மறந்திருக்கும், சில பிளேயர்கள் கோடு எண் கேட்கும். ஸ்டெப்னி டயரைப் போல இதற்கும் ஒரு தயாரிப்பு வேணும். கோடு எண்ணை போனில் சேமித்து வையுங்கள்.

வீட்டில் ஆள் இருந்தால், மைனஸில் திருகிக் கழற்றும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று மாட்டிவிடலாம். அவசரத்துக்கு வாப்பாவே ஒரு திருகில் இணைத்துக் காரை எடுத்துவிடுவார். அல்லது ஆட்டோமேட்டிக் சார்ஜர் ஒன்று வாங்கி, மாதம் ஒரு நாள் வீட்டு பிளக்கில் போட்டுவிடச் சொல்லலாம். கழற்றி வைத்த பேட்டரியும் தானாகக் கொஞ்சம் இறங்கும் என்பதால், ரொம்ப நாள் போகிறவர்களுக்கு இந்த சார்ஜர் அவசியம். சொகுசு கார் வைத்திருப்பவர்கள் டெர்மினலைக் கழற்றும் முன் மேனுவலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது? கடைக்காரரிடமே கொடுத்தால் அதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார், பில்லில் அதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம், மீதியில் ஆசிட். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பு நிறுவனங்களின் பொறுப்பு. நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டால், ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குகிறவர் கைக்கு அது போகலாம். அந்தப் புகையில் இருக்கும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.